ஒரு சதமும் வாங்காமல் ஏன் விட்டார்கள்? கோல் அடிப்பவர் கழகம் மாறும் கணக்கு

2014இல் போலந்து உதைபந்தாட்ட வீரர் ரொபர்ட் லெவன்டொவ்ஸ்கி பொருஷியா டோர்ட்முண்ட் கழகத்தை விட்டு பயர்ன் மியூனிக்குக்குப் போனார். அந்தப் பருவத்தில் ஜெர்மனியின் முதல்தர லீக்கான புன்டஸ்லிகாவில் 20 கோல் அடித்து முதலிடத்தில் நின்றவர் அவர். போனதோ ஜென்மப் பகையான கழகத்துக்கு. அதற்காக பயர்ன் டோர்ட்முண்டுக்குக் கொடுத்தது எவ்வளவு? ஒரு சதம்கூட இல்லை.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள். "டோர்ட்முண்ட்காரனுக்கு என்ன பைத்தியமா?" என்றுதான் முதல் பதில் வரும். அதே கடையில், நெய்மாருக்காக 2017இல் பாரிஸ் கழகம் 22 கோடி 20 லட்சம் யூரோ கட்டியதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். விலை தெரிகிறது, விலை எதற்கு என்பது தெரிவதில்லை. அது பிள்ளைகள் பிழையில்லை. செய்தியில் சொல்வதெல்லாம் தொகையை மட்டும்தான். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்ற திகதியை ஒரு மூலையில் போடுவார்கள், அல்லது போடவே மாட்டார்கள். எனக்கென்னவோ அந்தத் திகதிதான் முழுக் கதையும் என்று படுகிறது.

சரி, அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரு தொழில்முறை வீரர் கழகத்தோடு ஒப்பந்தம் எழுதுகிறார். இத்தனை பருவம், இவ்வளவு சம்பளம். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் விதி ஐந்து ஆண்டு வரை அனுமதிக்கிறது. நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் அதற்கு மேலும் எழுதலாம். அந்தக் காலம் முடியும் வரை அவர் வேறு கழகத்துக்கு ஆட முடியாது, கழகமும் சம்பளத்தை நிறுத்த முடியாது. இடையில் இன்னொரு கழகம் வந்து "இவர் எங்களுக்கு வேண்டும்" என்றால், மீதிக் காலத்தை விட்டுக்கொடுப்பதற்கு முதல் கழகம் ஒரு தொகை கேட்கும். அதைத்தான் மாற்றுக் கட்டணம் என்கிறோம். ஆளை விற்பதில்லை, ஆளின் மீதிக் காலத்தை விற்கிறார்கள். மீதி இல்லாவிட்டால் விற்க ஒன்றும் இல்லை. லெவன்டொவ்ஸ்கியின் ஒப்பந்தம் 2014 ஜூனில் முடிந்தது. அதனால் டோர்ட்முண்டின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆனால் எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய முறையை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை, நம் தோட்டங்களின் பழைய கதையே போதும். பூட்டன்மார் காலத்தில் இங்கே துண்டு முறை இருந்தது. ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை ஒரு துண்டு எழுதித் தர வேண்டும்: இவர்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆட்கள் கை மாற மாற கடனும் கூடவே ஏறியது. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை நிறுத்தினார்கள்.

ஐரோப்பிய உதைபந்தாட்டத்தில் கிட்டத்தட்ட அதே பிடி 1995 வரை இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கழகம் காசு கேட்கலாம். காசு வராவிட்டால் வீரர் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற முன்கள வீரர் நியூகாசில் கழகத்தை எதிர்த்து வழக்குப் போட்டு 1963இல் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். அறுத்தவர் பெல்ஜியத்தின் ஜீன் மார்க் பொஸ்மன். 1990இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அவரது லீஜ் கழகம் முன்பு கொடுத்த சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு இருக்கச் சொன்னது. பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போகிறேன் என்றார். அதற்கும் கட்டணம் கேட்டு மறித்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1995 டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வீரர் எங்கும் போகலாம், பழைய கழகம் காசு கேட்க முடியாது. ஐந்து வருட இழுபறியில் பொஸ்மனின் சொந்த ஆட்ட வாழ்க்கை பாழாய்ப் போனது. அந்தத் தீர்ப்பால் கோடீஸ்வரர் ஆன எத்தனை பேர் அவர் பேரைச் சொல்கிறார்களோ தெரியாது.

கடனில் முழுகிய தோட்டத் தொழிலாளியையும் கோடியில் புரளும் பந்து வீரரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பிடி எங்கே இருந்தது என்பதற்கு மட்டும்தான் இந்த ஒப்பீடு.

பொஸ்மனுக்குப் பிறகு கடிகாரம் வீரர் பக்கம் திரும்பியது. இன்றைய பீபா விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது வீரர் வேறு கழகத்தோடு கையெழுத்திடலாம். லெவன்டொவ்ஸ்கி அதைத்தான் செய்தார். 2014 ஜனவரியிலேயே பயர்னோடு ஒப்பந்தம் எழுதிவிட்டு, மீதி அரை ஆண்டு டோர்ட்முண்டின் மஞ்சள் சட்டையில் பயர்னைத் துரத்தினார். எழுதியது அங்கே, கோல் அடித்தது இங்கே. அதனால்தான் நம்மூர் ரசிகருக்கு அது துரோகம் மாதிரித் தெரிகிறது. விதிப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

அப்படியென்றால் டோர்ட்முண்ட் ஒரு வருடம் முன்பே, 2013இல், விற்றிருக்கலாமே? விற்றிருக்கலாம், பயர்னும் அப்போதே கேட்டது. ஆனால் அந்தக் கோடையில் டோர்ட்முண்டின் இன்னொரு நட்சத்திரம் மரியோ கெட்சவை பயர்ன் ஏற்கனவே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியல் மட்ரிட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த லெவன்டொவ்ஸ்கியையும் அதே வாசலால் அனுப்பினால் மைதானத்தில் யார் இருப்பார்கள்? கைக்கு வரும் காசை விட இன்னொரு பருவத்துக் கோல்கள் பெறுமதி என்று முடிவெடுத்தார்கள். நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். பைத்தியக்காரத்தனம் இல்லை, விலை தெரிந்து எடுத்த முடிவு.

இதே கணக்கு மறுபக்கமாக ஓடுவதை இங்கிலாந்தின் ஹரி கேனிடம் பார்க்கலாம். 2018இல் டொட்டன்ஹாமோடு ஆறு ஆண்டு எழுதினார், 2024 வரை. 2021இல் மான்செஸ்டர் சிட்டி கேட்டது, கேனுக்கும் போக ஆசை. மூன்று ஆண்டு மீதி இருந்ததால் டொட்டன்ஹாம் மசியவே இல்லை. 2023இல் ஒரே ஆண்டு மீதி. இப்போது விடாவிட்டால் அடுத்த ஜூனில் சும்மா போய்விடுவார். ஓகஸ்டில் பயர்னுக்கு விட்டார்கள், சுமார் 10 கோடி யூரோவுக்கு. அதே ஆள், அதே கழகம், அதே ஆசை; திகதி மட்டும்தான் வேறு. போன முதல் பருவத்திலேயே கேன் 36 லீக் கோல் அடித்தது தனிக் கதை.

ஏன் எப்போதும் கோல் அடிப்பவரைச் சுற்றியே இந்தப் பேரம்? பின்கள வீரரின் வேலையைக் காசாக்கிக் காட்டுவது கஷ்டம். ஸ்ட்ரைக்கரின் வேலை பலகையில் எழுதி வருகிறது. 2015 செப்டம்பர் 22, பயர்னுக்கும் வொல்ஸ்பேர்க்குக்கும் ஆட்டம். பயர்ன் 0-1 என்று பின்னால். இடைவேளைக்குப் பிறகு மாற்று வீரராக லெவன்டொவ்ஸ்கியை இறக்கினார்கள். 51ஆம் நிமிடம் முதல் கோல். அடுத்து 52, 55, 57. ஐந்தாவது, 60ஆம் நிமிடத்தில், பக்கத்திலிருந்து வந்த பந்தை நிலத்தில் விழ விடாமல் உடம்பைச் சாய்த்து ஒரே உதை. பக்கத்தில் நின்ற பயிற்றுவிப்பாளர் கார்டியோலா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது நிமிடத்தில் ஐந்து கோல். ஒரு சதமும் கொடுக்காமல் வந்தவர்!

அவர் அந்த இடத்துக்கு வந்த படிகளையும் பாருங்கள். வார்சோவின் பெரிய கழகமான லெகியா, இளம் வயதில் முழங்கால் காயத்துக்குப் பிறகு அவரை வேண்டாம் என்று விட்டது. 2006இல் மூன்றாம் பிரிவில் ஆடிய ஸ்னிச் புருஷ்கோவ் என்ற சின்னக் கழகத்துக்குப் போனார். அங்கே மூன்றாம் பிரிவிலும் அடுத்த பருவம் இரண்டாம் பிரிவிலும் அதிக கோல் அடித்தவர் அவரே. 2008இல் லேக் பொஸ்னான் வாங்கியது. விலை சுமார் 15 லட்சம் போலந்து ஸ்லொட்டி, யூரோவில் சுமார் நான்கு லட்சம். 2010இல் பொஸ்னான் போலந்தின் சம்பியன், அதிக கோல் அடித்தவர் மறுபடியும் அவரே. அந்த வசந்தத்தில் இங்கிலாந்தின் பிளக்பேர்ன் கழகத்தைப் பார்க்கப் போக இருந்தார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகத்தால் ஐரோப்பாவில் விமானம் ஓடவில்லை, பயணம் நின்றது. டோர்ட்முண்ட் சுமார் 45 லட்சம் யூரோவுக்கு எடுத்தது. முகவர், ஒப்பந்தம், விலை என்று எவ்வளவு எழுதினாலும் இப்படி ஒரு எரிமலையும் நடுவில் வந்துவிடுகிறது.

கவனித்தீர்களா, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மட்டும்தான் ஏறினார். மூன்றாம் பிரிவிலிருந்து நேரே மட்ரிட்டுக்குப் போகவில்லை. தினமும் ஆட இடம் கிடைக்கும் கழகத்தைத் தேடிப் போவதுதான் இளம் ஸ்ட்ரைக்கருக்கு உயிர். பெரிய கழகத்தின் பெஞ்சில் குந்தியிருந்து கோல் அடித்தவர் யாரும் இல்லை.

அந்த இடத்தில்தான் இரவல் வருகிறது. வீரர் ஒரு கழகத்துக்குச் சொந்தம், ஆனால் ஒரு பருவமோ பாதியோ வேறு கழகத்தில் ஆடிவிட்டு வருவார். சம்பளத்தை இரண்டு கழகமும் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளும். கேனை டொட்டன்ஹாம் இப்படி லேட்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று நான்கு இடத்துக்கு அனுப்பியது. 2013இல் லெஸ்டரின் மாற்று வீரர் பெஞ்சில் கேனும், பின்னாளில் லெஸ்டரைச் சம்பியன் ஆக்கிய ஜேமி வார்டியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இன்றும் போனில் சுற்றுகிறது. இரண்டு பேரையும் அன்று உட்கார வைத்தார்கள்!

இரவலில் இன்னொரு வகை, விரும்பினால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது. ஸ்லாட்டன் இப்ராகிமோவிச்சை 2009இல் பார்சிலோனா வாங்கியபோது 4 கோடி 60 லட்சம் யூரோ கொடுத்து, மேலதிகமாகத் தன் வீரர் சாமுவேல் எட்டோவையும் இன்டர் மிலானுக்குக் கொடுத்தது. பயிற்றுவிப்பாளரோடு ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டே ஏசி மிலானுக்கு இரவல். பிறகு வேண்டுமானால் 2 கோடி 40 லட்சத்துக்கு எடுத்துக்கொள் என்ற பேச்சு. ஒரு வருடத்தில் பாதி விலை போயிற்று. கோல் அடிக்காததால் இல்லை, அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

சில ஒப்பந்தங்களில் ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்: யாராவது இவ்வளவு கட்டினால் கழகம் மறிக்கக் கூடாது. கெட்சவுக்கு அது 3 கோடி 70 லட்சம் யூரோ. பயர்ன் கட்டியது, டோர்ட்முண்டால் மறிக்க முடியவில்லை. நெய்மாரின் பெரிய தொகையும் இப்படி எழுதி வைத்ததுதான். ஆனால் தொகையைக் கட்டினாலும் வீரர் தலையாட்ட வேண்டும். வார்டியைப் பாருங்கள். 2012இல் ஐந்தாம் தரப் பிரிவில் ஆடிய பிளீட்வுட் கழகத்திலிருந்து 10 லட்சம் பவுணுக்கு லெஸ்டர் எடுத்தது. முதல் நான்கு பிரிவுக்கு வெளியே ஆடியவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதற்கு முன்பு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பந்து விளையாடியவர் அவர். 2016இல் 24 கோல் அடித்து லெஸ்டரை பிரீமியர் லீக் சம்பியன் ஆக்கினார். ஆர்சனல் எழுதியிருந்த தொகையோடு வந்து நின்றது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு லெஸ்டரிலேயே இருந்தார். 2025இல் ஒப்பந்தம் முடிய, 38 வயதில், கட்டணம் இல்லாமல் இத்தாலியின் கிரெமொனேசேக்குப் போனார்.

வயதுக்கும் திகதிக்கும் உள்ள உறவு இதுதான். 30 தாண்டினால் கழகங்கள் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கும், வீரர்கள் கட்டணமில்லாமல் போய் அந்தக் காசைச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். லெவன்டொவ்ஸ்கி அதற்கு விதிவிலக்கு. 2022இல், 34 வயதாகச் சில வாரம் இருக்கும்போது, பார்சிலோனா அவருக்காக 4 கோடி 50 லட்சம் யூரோ கட்டியது. மேலே ஒரு 50 லட்சம் வரை கூடலாம் என்ற ஏற்பாடு. பயர்னில் அவருக்கு இன்னும் ஒரு ஆண்டு மீதி இருந்தது, அவ்வளவுதான். டோர்ட்முண்டில் சும்மா எடுத்தவரை எட்டு ஆண்டு ஆட வைத்து, 344 கோல் வாங்கிக்கொண்டு, கடைசியில் காசுக்கும் விற்றது பயர்ன். வியாபாரம் என்றால் இது.

(கழகம் மாறுவதற்கென்று ஆண்டில் இரண்டு காலம்தான் திறந்திருக்கும், ஐரோப்பாவில் கோடையிலும் ஜனவரியிலும். செய்தியில் கடைசி நாள் பரபரப்பு என்று கத்துவது அதனால்.)

இதெல்லாம் டிஷ்ஷில் பார்க்கிற உலகம். நமக்கு என்ன என்று கேட்கலாம். ஒரு விஷயம் நேரடியாக இருக்கிறது. ஒரு வீரர் காசுக்கு நாடு விட்டு நாடு கழகம் மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் போக வேண்டும் என்பது பீபாவின் விதி. 12 முதல் 15 வரையான ஒவ்வொரு ஆண்டுக்கும் கால் சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை சதவீதம். ஹட்டன் பக்கத்துக் கழகம் ஒன்றில் 12 வயதில் பெயர் பதிந்து 17 வயதுப் பருவம் முடியும் வரை ஆடிய ஒரு பிள்ளை, பிறகு என்றோ ஒருநாள் 10 லட்சம் யூரோவுக்குக் கைமாறினால், நான்கு ஆண்டுக்கு ஒரு சதவீதம், இரண்டு ஆண்டுக்கு இன்னொரு சதவீதம்: 20,000 யூரோ அந்தக் கழகத்துக்கு. நம் காசில் 50 லட்சம் ரூபாவுக்கு மேல். இதைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கவென்றே பீபா 2022இல் பாரிசில் ஒரு தீர்வகம் திறந்தது.

ஆனால் அந்தக் காசு பதிவைப் பார்த்துத்தான் வரும். கழகம் மாவட்ட லீக் வழியாகத் தேசிய சம்மேளனத்தில் சேர்ந்திருக்க வேண்டும், பிள்ளையின் பெயர் அந்தக் கழகத்தின் கீழ் ஆண்டுக்கு ஆண்டு பதிந்திருக்க வேண்டும். நம் பக்கத்து நிலைமை தெரியுமே. ஹட்டன் டன்பார் மைதானத்தில் அணிக்கு எழுவர் கொண்ட சுற்றுப்போட்டியில் இந்த ஞாயிறு ஒரு தோட்டத்துக்கு ஆடுகிற பையன், அடுத்த ஞாயிறு பஸ் காசும் சாப்பாடும் கொடுத்த வேறொரு அணியின் சட்டையில் நிற்பான். பந்து நன்றாகத்தான் நடக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த ஏட்டிலும் அவன் பெயர் இருக்காது. பீபா விதியில் ஒரு பருவத்தில் மூன்று கழகத்துக்கு மேல் பதிய முடியாது, உத்தியோகபூர்வ ஆட்டம் பொதுவாக இரண்டுக்குத்தான் ஆடலாம். 2021இல் தொடங்கிய இலங்கையின் சுப்பர் லீக்கின் 10 கழகங்களில் நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸும் ஒன்று. 2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் திரும்பச் சேர்த்தது. பாதை மேடு பள்ளம்தான், ஆனால் பதிவு வைக்க அதெல்லாம் தடையில்லை. ஒரு கொப்பி போதும், பிறகு லீக்கில் கொடுத்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 18 வயதாகாத பிள்ளையை வெளிநாட்டுக் கழகம் பதிவு செய்ய பீபா விடாது. பெற்றோர் பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் போய்க் குடியேறியது போன்ற சில விலக்குகள் உண்டு, அவை பெரும்பாலும் நமக்குப் பொருந்தாது. ஆகவே 15 வயதுப் பையனை ஐரோப்பாவில் கழகத்தில் சேர்க்கிறேன், விசாவுக்கும் ட்ரயலுக்கும் இவ்வளவு கட்டுங்கள் என்று யாராவது லயத்துக்கு வந்தால், பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். முகவராக வேலை செய்ய பீபாவின் உரிமம் வேண்டும், அதற்குப் பரீட்சை இருக்கிறது, உரிமம் பெற்றவர்களின் பெயர்களை பீபாவே தன் இணையத்தளத்தில் போடுகிறது. வந்தவரின் பெயரை அதில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.